சந்தைக் கணக்கிலிருந்து அச்சுப் புத்தகம் வரை

அபுனைவு நூல் என்பது நடந்ததையும் இருப்பதையும் ஆதாரத்தோடு சொல்லும் நூல். நாவலாசிரியரிடம் "இது உண்மையாகவே நடந்ததா?" என்று கேட்டால் அவர் சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஊர் வரலாறோ ஒருவரின் வாழ்க்கை வரலாறோ ஒரு தொழிலின் கதையோ எழுதுகிறவருக்கு அந்தச் சலுகை கிடையாது. "எங்கே பார்த்தீர்கள், யார் சொன்னார்கள்?" என்ற கேள்வி நூலின் கடைசிப் பக்கம் வரை அவர் கூடவே வரும்.

தமிழில் இந்த எழுத்துக்கு நல்ல முன்னோடிகள் உண்டு. புதுச்சேரியில் துபாஷாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு, பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவை எழுதும் எவரும் தவிர்க்க முடியாத மூல ஆவணம். உ.வே. சாமிநாதையர் தம் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். அவரது 'என் சரித்திரம்' 1940இல் ஆனந்த விகடனில் தொடராகத் தொடங்கி, 1942இல் அவர் மறைந்தபோது பாதியில் நின்றது. நூலாக வந்தது 1950இல்.

முன்னோடிகள் இருந்தும், இப்படி ஒரு நூலைச் செய்வது எப்படி என்று சொல்லித்தரும் வழிகாட்டிகள் தமிழில் குறைவு. ஆங்கிலத்தில் சிகாகோ பல்கலைக்கழக அச்சகத்தின் நடைக் கையேடு 1906இல் வந்து இன்றுவரை திருத்தப்பட்டு வருகிறது. அதே பல்கலைக்கழகத்தில் ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலராக இருந்த கேட் டுராபியன், 1937இல் மாணவர்களுக்காக எழுதிய சிறு கையேடு பின்னர் உலகப் புகழ் பெற்றது. அபுனைவு எழுதுவது பற்றிய வில்லியம் ஜின்ஸரின் நூல் 1976இல் வந்தது. ஆய்வேடு எழுதுவது பற்றி உம்பர்த்தோ எக்கோ இத்தாலிய மொழியில் எழுதியது 1977இல் வந்தது. தமிழில் மொழி அறக்கட்டளையின் 'தமிழ் நடைக் கையேடு' இருக்கிறது. எழுத்து நடைக்கு அது போதும். ஆனால் கிராமக் கணக்கில் வரும் பசலி ஆண்டை ஆங்கில ஆண்டாக எப்படி மாற்றுவது, பழைய அரசாணையை எங்கே தேடுவது என்பதை வெளிநாட்டுக் கையேடுகளில் தேடிப் பயனில்லை. அவற்றை இங்கேதான் கற்றாக வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டால் வேலையின் வரிசை விளங்கும். தம் ஊரில் வாராவாரம் கூடும் சந்தையைப் பற்றி ஒருவர் நூல் எழுத நினைக்கிறார் என்று கொள்வோம்.

கேள்வி முதலில்

"எங்கள் ஊர்ச் சந்தையின் வரலாறு" என்பது தலைப்புதான். அதை வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எந்தக் கட்டைக் கேட்பது என்றே தெரியாது. சந்தை ஏன் செவ்வாய்க்கிழமை கூடுகிறது? பக்கத்து ஊர்ச் சந்தைகள் எந்தெந்த நாளில் கூடின? சுங்கம் வசூலிக்கும் உரிமையை யார் ஏலம் எடுத்தார்கள்? மாடு விற்பது எந்த ஆண்டோடு நின்றது, ஏன் நின்றது? சாதி பார்த்து இடம் ஒதுக்கப்பட்டதா? இவை கேள்விகள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆவணத்தை நோக்கிக் கையைக் காட்டும். எல்லையைச் சுருக்கச் சுருக்க வேலை உறுதிப்படும் என்பதே எக்கோ மாணவர்களுக்குச் சொன்ன அறிவுரை. 'தமிழகச் சந்தைகள், சங்க காலம் முதல் இன்று வரை' என்று தொடங்குகிறவர் பெரும்பாலும் பிறர் எழுதியதையே திரும்ப எழுதி முடிப்பார். ஒரே சந்தையின் ஐம்பது ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறவருக்கு யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வாய்ப்பு அதிகம்.

தேடும் இடங்கள்

முதலில் அச்சில் வந்தவற்றைப் பார்ப்பது முறை. மாவட்டக் கையேடுகளும் கெசட்டியர்களும் நல்ல தொடக்கம்: நெல்சனின் மதுரை நாட்டுக் கையேடு 1868, நிக்கல்சனின் கோயம்புத்தூர்க் கையேடு 1887, ஹெமிங்வேயின் தஞ்சாவூர் கெசட்டியர் 1906, பேட் எழுதிய திருநெல்வேலி கெசட்டியர் 1917. பயிர், பஞ்சம், சாலை, சந்தை என்று பலவும் இவற்றில் உண்டு. ஆனால் எழுதியவர்கள் ஆட்சி செய்ய வந்த அதிகாரிகள். அவர்கள் கண்ணுக்குப் படாதது புத்தகத்திலும் இல்லை. ஊரில் கோயில் இருந்தால் 1890 முதல் தொல்லியல் துறை வெளியிட்டுவரும் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளையும் புரட்ட வேண்டும்.

அடுத்தது சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்துக் கடிதப் போக்குவரத்து, வருவாய் வாரிய நடவடிக்கைகள், துறைவாரி அரசாணைகள், மாவட்ட ஆவணங்கள் என்று சென்னை மாகாணத்தின் நினைவு முழுவதும் அங்கே கட்டுக்கட்டாக இருக்கிறது. அங்கே நேராக ஆவணத்தைத் தேட முடியாது. ஆண்டுவாரி அட்டவணைத் தொகுதிகளில் தேடி, அரசாணை எண், துறை, நாள் மூன்றையும் குறித்துக் கொடுத்தால்தான் கட்டு வரும். சந்தைகள் ஒரு காலத்தில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு பொறுப்பில் இருந்தன. அதனால் சந்தையைத் தேடுகிறவர் வருவாய்த் துறையோடு நிற்காமல் உள்ளாட்சித் துறை அட்டவணையையும் பார்க்க வேண்டும். அட்டவணைகள் ஆங்கிலத்தில் இருப்பதால் ஊர்ப்பெயரின் அன்றைய எழுத்துக்கூட்டல் தெரிந்திருக்க வேண்டும். தூத்துக்குடி என்று தேடினால் கிடைக்காது, டூட்டிகொரின் என்று தேட வேண்டும். தரங்கம்பாடியை டிராங்குபார் என்பதில் தேட வேண்டும். சின்ன ஊர்களுக்கு இப்படி ஒரே வடிவம்கூட இல்லை, நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள்.

அரசு சேர்க்காததைச் சேர்த்தவர்கள் தனி மனிதர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையா புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, விளம்பரத் துண்டு என்று பிறர் குப்பையில் போட்டதையெல்லாம் எடுத்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் ஏறக்குறைய 1 லட்சம் உருப்படிகள் கொண்ட அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயிற்று. சந்தை வரலாறு எழுதுகிறவருக்கு ஒரு மாட்டுத் தாவணி நோட்டீஸ் பத்து அரசாணைக்குச் சமம். விற்ற பண்டம், கூடிய நாள், நடத்தியவர் பெயர், அந்தக் கால மக்களின் மொழி எல்லாம் அதில் ஒரே பக்கத்தில் இருக்கும்.

இப்போது வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியவையும் பல. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம் ஆகியவை அவற்றில் முக்கியமானவை. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டு ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன என்பதை நினைத்தால் மூன்றாவதின் அருமை புரியும். மின்வடிவில் தேடும்போது ஓர் எச்சரிக்கை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, றா, னா போன்றவை வேறு வடிவில் இருந்தன. எந்திரம் அவற்றைத் தப்பாகப் படித்திருக்கும். தேடல் பெட்டியில் சொல்லைத் தட்டி "எதுவும் இல்லை" என்று வந்தால் இல்லை என்று பொருளில்லை. பக்கம் பக்கமாகப் புரட்டத்தான் வேண்டும்.

நாளும் காசும்

கையில் ஆவணம் கிடைத்த பிறகுதான் தமிழ் ஆய்வாளரின் தனிச் சிக்கல் ஆரம்பமாகிறது. ஒரு நோட்டீஸில் 'விரோதி வருஷம் ஆவணி மாதம்' என்று மட்டும் இருக்கும். அறுபது ஆண்டுச் சுழற்சியில் விரோதி 1889இலும் வந்தது, 1949இலும் வந்தது. எது என்பதை அச்சுக்கூடத்தின் பெயர், எழுத்துருவம், விலை, அதில் சொல்லப்படும் ஆட்கள் ஆகியவற்றைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டும். 'மகாகனம் பொருந்திய துரையவர்கள்' வந்துபோன செய்தி இருந்தால் 1949 அல்ல என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எல்லா நோட்டீஸும் அத்தனை இரக்கம் காட்டாது.

கிராமக் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும். பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1300 என்பது 1890 ஜூலையிலிருந்து 1891 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பக்கத்து ஆவணங்களில் கொல்லம் ஆண்டு. அதோடு 824 அல்லது 825 கூட்ட வேண்டும். எது என்பது மாதத்தைப் பொறுத்தது. சக ஆண்டுக்கு 78. திருவள்ளுவர் ஆண்டு என்றால் 31 கழிக்க வேண்டும். நூலில் மாற்றிய ஆண்டை மட்டும் கொடுப்பது நல்லதல்ல. மூலத்தில் இருந்தபடி எழுதி, மாற்றிய ஆண்டைப் பக்கத்தில் தருவதே முறை. மாற்றியதில் பிழை இருந்தால் பின்னால் வருகிறவர் திருத்திக்கொள்வார்.

காசும் அப்படித்தான். கம்பெனிக் காலத்துச் சென்னையில் ஒரு நட்சத்திர வராகனுக்கு 42 பணம், ஒரு பணத்துக்கு 80 காசு. 1818இல் ரூபாய் பொதுநாணயமானபோது ஒரு வராகன் மூன்றரை ரூபாய் என்று வைத்தார்கள். 1810இல் சந்தைச் சுங்கக் குத்தகை 200 வராகன், 1830இல் 700 ரூபாய் என்று இரண்டு தாள்கள் கிடைத்தால், கணக்குத் தெரியாதவர் "குத்தகை மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்தது" என்று எழுதிவிடுவார். உண்மையில் ஒரு காசுகூட உயரவில்லை.

பேச்சும் ஆதாரமே

ஆவணத்தில் குத்தகைதாரர் இருப்பார்; கருவாட்டுக் கூடையோடு பத்து மைல் நடந்து வந்த பெண் இருக்க மாட்டார். அவரை அறிய மனிதர்களிடம் போக வேண்டும். ஒலிப்பதிவு செய்ய அனுமதி கேட்பது, எதற்காகக் கேட்கிறோம் என்பதைச் சொல்வது, பெயரைப் போடலாமா என்பதை அப்போதே உறுதிசெய்துகொள்வது ஆகிய மூன்றும் கட்டாயம். "சந்தை எப்போது ஆரம்பித்தது?" என்று ஆண்டு கேட்டால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னாலா பின்னாலா?", "இந்திப் போராட்டம் நடந்தப்போ உங்களுக்கு எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டால் பதில் உடனே வரும். முதலாவது 1964 டிசம்பர், இரண்டாவது 1965 ஜனவரி. மற்ற நிகழ்ச்சிகள் அவற்றை ஒட்டித் தானாகப் பொருந்தும்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க நாலைந்து மணி நேரமாவது ஆகும். அதை வேறு ஒருவரிடம் கொடுத்துச் செய்யலாம், ஆனால் கொடுக்காமலிருப்பது நல்லது. திரும்பக் கேட்கும்போதுதான் பேசியவர் எங்கே தயங்கினார், எதை அவசரமாகக் கடந்துபோனார் என்பது காதில் படும்.

நினைவு ஆதாரமே, ஆனால் திரும்பிப் பார்த்துச் சொல்லப்படுவது. சினிமா நினைவோடு கலந்துவிடும். வீரபாண்டிய கட்டபொம்மன் ஜாக்சன் துரையிடம் வரி பற்றிப் பேசியதாகத் தமிழர் பலர் மனப்பாடமாகச் சொல்வது 1959இல் வந்த திரைப்படத்துக்காக எழுதப்பட்ட வசனம். அதை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. 1799 அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட பாளையக்காரரைப் பற்றிக் கம்பெனி அதிகாரி பேனர்மேனும் பிறரும் அனுப்பிய கடிதங்கள் ஆவணங்களாக இருக்கின்றன; அவற்றின் மொழி வேறு. வசனம் நல்ல வசனம்தான். அதை மேற்கோள் குறிக்குள் வரலாற்று நூலில் போட்டால் பிழை எழுதியவருடையது.

மூன்று பேர் ஒன்றையே சொன்னால் மூன்று ஆதாரம் என்று நினைப்பதும் பொதுவான தவறு. மூவரும் ஒரே தலபுராணத்தையோ ஒரே மலரில் வந்த கட்டுரையையோ படித்தவர்களாக இருக்கலாம். எல்லாம் ஒரே ஊற்றிலிருந்து வந்த தண்ணீர் என்றால் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை. தாளோடு பேச்சு, பேச்சோடு இடம், இடத்தோடு கல்வெட்டு என்று வகை மாறிய சான்றுகள் ஒத்துப்போவதே பலம்.

குறிப்புச் சீட்டு

நூலின் தரம் பெரும்பாலும் முடிவாகிவிடுவது குறிப்பு எடுக்கும் மேசையில். இது சலிப்பான வேலை. அதனாலேயே பலர் இதில் கோட்டை விடுகிறார்கள். ஒரு சீட்டில் ஒரு செய்தி மட்டும் இருக்க வேண்டும். மேலே ஆதாரம்: நூலாசிரியர், நூல், பதிப்பு, ஆண்டு, பக்கம், ஆவணமானால் எண், துறை, நாள், எந்தக் காப்பகம். கீழே செய்தி. செய்தியிலும் மூன்றைப் பிரித்துக் காட்ட வேண்டும்: மூலத்தின் சொல்லை அப்படியே எடுத்தது மேற்கோள் குறிக்குள், சுருக்கி எழுதியது குறியில்லாமல், படிக்கும்போது தனக்குத் தோன்றியது வேறு நிற மையில். ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது மூன்றும் ஒன்றாகத் தெரியும். பிறர் வாக்கியத்தைத் தன் வாக்கியம் என்று நினைத்து அச்சேற்றிவிட்டுத் திருட்டுப் பழி சுமந்தவர்கள் எல்லாரும் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்ல. பலர் சீட்டுச் சரியாக எழுதாதவர்கள்.

இன்று சீட்டுக்குப் பதில் கைபேசிப் படம். அனுமதி உள்ள இடத்தில் எடுக்கலாம். ஆனால் கட்டின் மேலட்டையை, எண் தெரியும்படி, முதல் படமாக எடுத்துவிட்டே பக்கங்களை எடுக்க வேண்டும். எண்ணில்லாத நானூறு படங்கள் கைபேசியில் இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான்.

உ.வே.சா.வின் பதிப்புகளைப் பார்த்தால் இந்த ஒழுங்கின் பயன் கண்ணில் படும். 1887இல் வந்த சீவக சிந்தாமணியில் தொடங்கி பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு என்று அவர் வெளியிட்டவற்றில் பாடபேதம், உரையில் ஆளப்பட்ட மேற்கோள்களின் இடம், அரும்பத அகராதி, உதவியவர் பெயர் எல்லாம் முறையாக இடம்பெற்றன. ஒவ்வொரு சொல்லும் எங்கெங்கே வருகிறது என்று முன்பே எழுதிவைத்திராமல் அதைச் செய்திருக்க முடியாது. கணினியில்லாத காலத்தில் ஏடுகளைப் புரட்டிப் புரட்டிச் செய்த வேலை அது.

எழுதும் வரிசை

சேர்த்தது அத்தனையையும் நூலில் போட்டுவிட வேண்டும் என்ற ஆசையே எழுத்தின் முதல் எதிரி. முக்கால் பங்கு வெளியே நின்றாலும் தவறில்லை. அது தெரிந்து எழுதிய கால் பங்குக்கு எடை கூடும். காலவரிசையில் சொல்வது பாதுகாப்பான வழி. பொருள்வாரியாகப் பிரித்து, மாடு ஒரு அத்தியாயம், சுங்கம் ஒரு அத்தியாயம் என்று போவது சில நூல்களுக்குப் பொருந்தும், ஆனால் ஆண்டுகள் முன்னும் பின்னும் ஓடி வாசகரைக் களைப்பாக்கும். எதுவானாலும் அத்தியாயத்துக்கு ஒரு பக்கச் சுருக்கம் எழுதிப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் நடுவில் வழி தவறாது.

தமிழ் அபுனைவு நூல்களைக் கெடுக்கும் ஒரு சொற்றொடர் உண்டு: 'என்று கூறப்படுகிறது'. யாரால்? 'அறிஞர்கள் கருதுகின்றனர்' என்றால் எந்த அறிஞர்? பெயர் தெரிந்தால் பெயரைப் போட வேண்டும். தெரியாவிட்டால் செய்தியையே எடுத்துவிடலாம். ஆதாரம் இரண்டுபட்டு நின்றால் இரண்டையும் சொல்லி, எதை ஏற்கிறோம், ஏன் என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு நகரலாம். வாசகர் அதை மதிப்பார்.

ஆவணங்களில் பெரும்பகுதி ஆங்கிலம் என்பதால் மொழிபெயர்ப்பின் வாடை நூல் முழுவதும் பரவிவிடும் அபாயம் உண்டு. கலெக்டர் எழுதியதை முதலில் படித்து மூடிவைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வதுபோல் சொல்லிப் பார்த்து எழுதினால் தமிழ் வரும். ஐயமான சொல்லுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி பழைய பொருளையும், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி இன்றைய வழக்கையும் காட்டும். 'தாவணி' என்றால் மாட்டுச்சந்தை என்று தெரியாதவர் இந்த நூலை எழுதவே முடியாது. கலைச்சொல் என்ற பெயரில் யாரும் வழங்காத சொல்லைப் புகுத்துவதைவிட வியாபாரிகள் சொல்லும் 'தரகு', 'சிட்டை', 'பேரேடு' ஆகியவற்றை அப்படியே எழுதுவது மேல்.

உரிமை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி ஓர் ஆசிரியரின் எழுத்துக்கு அவர் வாழ்நாள் முழுவதும், இறந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. 1970இல் காலமானவரின் எழுத்து 2030 டிசம்பர் 31 வரை வாரிசுகளுடையது. புகைப்படத்துக்கு முன்பு அது வெளியான அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு என்று இருந்தது; 2012 திருத்தத்துக்குப் பிறகு அதற்கும் எடுத்தவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டும்தான் கணக்கு. விமர்சனம், ஆய்வு போன்றவற்றுக்கு அளவாக மேற்கோள் காட்டச் சட்டம் இடம் தருகிறது. 'அளவு' எவ்வளவு என்று எண்ணால் சொல்லவில்லை. பலருக்குத் தெரியாத ஒன்று: ஒருவருக்கு வந்த கடிதம் தாளாக அவருடையது, ஆனால் அதை அச்சிடும் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும்தான். தமிழ்நாட்டில் அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்துகளுக்கு இந்தத் தடை இல்லை. 1949இல் பாரதியின் படைப்புகளோடு தொடங்கிய வழக்கம் அது.

அவதூறும் கவனிக்க வேண்டியது. இறந்தவரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்பது தவறான எண்ணம். குடும்பத்தாரைப் புண்படுத்தும் நோக்கத்தோடு எழுதினால் அதுவும் குற்றமாகலாம் என்று 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் சொல்கிறது. உண்மையும் பொதுநலமும் எழுதியவருக்குக் காவல். உண்மை என்று காட்டக் கையில் இருக்க வேண்டியது மறுபடியும் அந்தச் சீட்டுதான்.

பதிப்பகமும் அச்சும்

பதிப்பகத்துக்கு முழு நூலை அனுப்புவதற்கு முன் நான்கைந்து பக்கத் திட்டமும் ஒரு மாதிரி அத்தியாயமும் அனுப்புவது இருதரப்புக்கும் நேரம் மிச்சம். அந்தப் பதிப்பகம் இதுவரை என்ன போட்டிருக்கிறது என்று பாராமல் கவிதை மட்டும் போடும் இடத்துக்குச் சந்தை வரலாற்றை அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தைக் கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை: உரிமை எத்தனை ஆண்டுக்கு, மின்னூலும் ஒலிநூலும் மொழிபெயர்ப்பும் அடங்குமா, ராயல்டி எத்தனை சதவீதம், கணக்கு எப்போது வரும். பத்து சதவீதம் என்பது வழக்கமான பேச்சு. வாய்ப்பேச்சாகவே முடிந்துவிடும் நூல்களும் தமிழில் நிறைய.

சொந்தக் காசில் போடுகிறவர் அச்சின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். டெம்மி அளவில் ஒரு பாரம் 16 பக்கம். நூல் 163 பக்கம் வந்தால் 13 பக்கம் வெற்றுத்தாளாகும், அல்லது மூன்று பக்கத்தை வெட்டி 160இல் நிறுத்த வேண்டும். முன்பெல்லாம் ஆயிரம் பிரதி அடித்தால்தான் கட்டுப்படியாகும். இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு பிரதிகூட அடிக்கலாம். ஒரு பிரதியின் செலவு அதிகம், கட்டிலுக்கடியில் கட்டுக் கட்டாகக் கிடக்கும் துயரம் குறைவு.

பக்க வடிவமைப்பில் இன்னொரு சங்கடம் காத்திருக்கும். யூனிகோடில் தட்டியதை அச்சகங்கள் பழைய எழுத்துருவுக்கு மாற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. மாற்றும்போது கிரந்த எழுத்து, மேற்கோள் குறி, அடிக்குறிப்பு எண் ஆகியவை சிதையும். அதனால் கணினியில் திருத்திய பிரதி சுத்தமாக இருந்ததென்று மெய்ப்பைப் பாராமல் விடக்கூடாது. ஆண்டு, தொகை, பெயர் மூன்றையும் கடைசி மெய்ப்பில் சீட்டோடு ஒப்பிட்டே பார்க்க வேண்டும். 1876 என்பது 1867 ஆனால் கண் அதைப் பிழையாகவே காட்டாது.

பக்க எண்கள் உறுதியான பிறகு செய்ய வேண்டியது சொல்லடைவு. தமிழ் நூல்களில் பெரும்பாலானவை இதை விட்டுவிடுகின்றன. பதிப்பகத்துக்குச் செலவு, ஆசிரியருக்கு அலுப்பு. நூற்று முப்பது ஆண்டுக்கு முன் ஏட்டிலிருந்து எடுத்துப் பதிப்பித்தவர் அகராதி சேர்த்துக் கொடுத்த மொழியில், இன்று ஐந்நூறு பக்க வரலாற்று நூல் அடைவில்லாமல் வருவதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. ஒரு ஊர்ப்பெயரைத் தேடி முழு நூலையும் புரட்ட வேண்டியவர் இரண்டாம் முறை அந்த நூலை எடுக்க மாட்டார்.

ஐஎஸ்பிஎன் எண்ணை மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் முகமை கட்டணமில்லாமல் தருகிறது. இதற்குத் தரகர் தேவையில்லை. விற்பனைக்கு இரண்டு பெரிய வாய்ப்புகள்: 1977 முதல் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியும் அதைப் பின்பற்றி மாவட்டங்களில் நடப்பவையும் ஒன்று, பொது நூலகத் துறை வாங்குவது மற்றொன்று. 1948இலேயே பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் இது. ஊர் வரலாற்று நூலுக்கு மூன்றாவது ஒன்றும் உண்டு: அந்த ஊரே. வெளியீட்டைச் சென்னை அரங்கில் வைப்பதைவிடச் சந்தை நாளில் சந்தைத் திடலில் வைத்தால் பிரதிகள் அங்கேயே போகும். நூலில் வரும் பிழைகளும் அங்கேயே கையில் கிடைக்கும். அவற்றைக் குறித்துவைத்தால் இரண்டாம் பதிப்புக்கு உதவும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கியிருக்கும். 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி, நூல் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாதவருக்கு அபராதம் ஐம்பது ரூபாய் வரையும் நூலின் விலையும். அந்தத் தொகைக்கு யாரும் பயப்படப் போவதில்லை. என்றாலும் சொந்தமாக நூல் போடுகிறவர்கள் கன்னிமாராவுக்கு ஒரு பிரதியை மறக்காமல் அனுப்பிவிடுங்கள். உங்கள் ஊர்ச் சந்தையைத் தேடி இன்னொருவர் அங்கேதான் வருவார்.